கோடு வளைந்த வாசல்

எங்கள் ஊருக்கு யாராவது என்னைப் பார்க்க வந்தால் வழி தேடி அலைய வேண்டியதில்லை. பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ ஏறி "மேடம் வளைவு" என்றால் போதும், என் வீட்டு வாசலிலேயே இறக்கிவிடுவார்கள். அந்த மேடம் நான்தான். கடைத்தெரு முழுக்க நூல் பிடித்த மாதிரி வருகிற சாலையும் சாக்கடையும் நடைபாதையும் என் வீட்டுக்கு முன்னால் மட்டும் ஒதுங்கி, வளைந்து, மறுபடியும் நேராகிப் போகின்றன. ஆட்டோக்காரர்கள் முதலில் கேலிக்குத்தான் அந்தப் பெயரை வைத்தார்கள். இப்போது அது கேலி என்பதே பாதிப் பேருக்கு மறந்துபோய்விட்டது. எனக்கு மறக்கவில்லை. இத்தனை நாள் கழித்தும் அதைக் கேட்டால் காது சூடாகிறது.

திருத்தங்கலுக்கும் சாத்தூருக்கும் இடையில் கிடக்கிற சின்ன ஊர் எங்களுடையது. கடைத்தெருவில் எல்லா வீடும் ஒரே மாதிரிதான். கீழே கடையோ பிரஸ்ஸோ பைண்டிங்கோ இருக்கும், மேலே குடும்பம் இருக்கும். என் வீட்டுக்காரர் பட்டாசு லேபிள் அச்சடிக்கிறார். தீபாவளி வரைக்கும் லேபிள், அதற்கப்புறம் காலண்டர் என்று எங்களுக்கு வருஷம் ஓடிவிடும். வீட்டின் முன்னறையில் டிசைன் போடுகிற கம்ப்யூட்டரும், ஆர்டர் கொடுக்க வருகிறவர்கள் உட்கார நாலைந்து நாற்காலிகளும் கிடந்தன. எங்கள் பிழைப்பு உள்ளே ஓடுகிற மெஷினில் இருக்கிறது என்று வெளியாட்கள் நினைப்பார்கள். உண்மையில் அது அந்த முன்னறையில்தான் இருந்தது.

தெரு ரொம்பக் குறுகல். பேப்பர் லோடு ஏற்றிய குட்டியானை வண்டி ஒன்று நின்றுவிட்டால் பின்னால் வருகிறவன் ஹாரனை அழுத்திக்கொண்டே சாப்பாட்டு நேரம் வரைக்கும் நிற்க வேண்டியதுதான். சாக்கடை ஒவ்வொரு வீட்டுப் படிக்கட்டுக்கும் அடியில் ஒளிந்து ஓடியது. ஐப்பசியில் நல்ல மழை பெய்தால் அது ஒளிந்துகொள்ளாமல் நேராகக் கடைக்குள் வந்துவிடும். ஒரு வருஷம் எங்கள் பிரஸ்ஸில் அடித்து அடுக்கியிருந்த லேபிள் கட்டுகள் அத்தனையும் ஊறிப்போயின. அப்புறம் அவற்றை எடைக்குப் போட்டோம்.

அதனால் கடைத்தெருவைப் புதுப்பிக்கப் போகிறார்கள், இரண்டு பக்கமும் ஒவ்வொரு வீட்டுக்காரரும் மூன்று அடி விட்டுக்கொடுத்தால் அகலமான சாலை, மூடிய சாக்கடை, அதன்மேல் நடைபாதை எல்லாம் வரும் என்று நகராட்சியிலிருந்து சொன்னபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டு, திரையில் படம் காட்டினார்கள். படத்தில் எங்கள் தெருவாம். மரங்கள் நின்றன. தொப்பி போட்ட ஒரு பெண் நாயைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஒரு சைக்கிள்கூட இல்லை, பேப்பர் லோடு இல்லை, லோடுமேன் இல்லை. ஆனைக்குட்டம் அணைத் தண்ணீர் குழாயில் வருகிற நாளில் தெருவை அடைத்துக்கொண்டு நிற்கிற பிளாஸ்டிக் குடம் ஒன்றுகூட இல்லை. எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. எழுந்து, படம் நன்றாக இருக்கிறது, இந்த ஊர்க்காரர்களை எப்போது காலி செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். மண்டபமே சிரித்தது. கூட்டம் முடிவதற்குள் என்னையே தெருக் கமிட்டியில் போட்டுவிட்டார்கள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான்.

வேலையைக் கவனிக்க ஒரு கன்சல்டன்சி கம்பெனியிலிருந்து இளம் என்ஜினியர் ஒருவர் வந்திருந்தார். வட ஜில்லாவில் ஏதோ ஊர்க்காரர். திருத்தங்கலில் ரூம் எடுத்துத் தங்கி, தினமும் பைக்கில் வந்து போவார். என்னை மேடம் என்றுதான் கூப்பிடுவார். எங்கள் தெருவில் என்னை அதுவரைக்கும் யாரும் மேடம் என்றதில்லை. மதினி, அக்கா, சித்தி என்றுதான் பழக்கம். எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரி வேலையில் வரைபடம் ஒரு பங்குதான், மீதியெல்லாம் வீடு வீடாகப் போய் உட்கார்ந்து பேசுவதுதான் என்று அவர் சொல்வார். எல்லாம் பட்டா இடம். மனமுவந்து கொடுத்தால்தான் உண்டு, ஒருத்தர் முரண்டு பிடித்துக் கோர்ட்டுக்குப் போனால் தெருவே அப்படியே நின்றுவிடும். வெளியூர் ஆள் பேசினால் கேட்க மாட்டார்கள், நீங்கள் பேசுங்கள் மேடம் என்றார்.

நான் பேசினேன். அந்த வெயில் காலம் முழுக்க அதுதான் எனக்கு வேலை. ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று அடி என்பது வெவ்வேறாக இருந்தது. ஒருவருக்கு அது தண்ணீர்த் தொட்டி. ஒருவருக்கு ஷட்டர். எதிர்த்தாற்போல் செருப்புக்கடை வைத்திருக்கிற பாய்க்கு அது சாமான் அடுக்குகிற அலமாரி முழுவதும். ஆனால் அவர் இரண்டு கேள்விதான் கேட்டார். சாக்கடை நிஜமாகவே மூடியிருக்குமா, மழைத் தண்ணீர் உள்ளே வராதா. வராது என்றேன். நீங்கள் சொன்னால் சரி அக்கா என்று சொல்லிவிட்டார்.

கஷ்டப்பட்டது பக்கத்து வீட்டு மதினியிடம்தான். நானும் அவரும் ஒரே வருஷத்தில் இந்தத் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள். அவரை நான் மதினி என்பேன், அவரும் என்னை மதினி என்பார். சாயங்காலம் ஆனால் அவர் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்போம். அந்தப் படி தெருவோரமாக, முன்சுவரை ஒட்டியே ஏறும். சரியாக மூன்று அடி அகலம். அவர்கள் கீழ்ப்பகுதியை ஒரு மொபைல் கடைக்கு வாடகைக்கு விட்டுவிட்டு மாடியில் குடியிருந்தார்கள். படி போய்விட்டால் மாடிக்கு எப்படி ஏறுவது? இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஓர் ஆள் நுழைகிற இடுக்கு இருந்தது. அதில் இரும்பில் சுற்றுப்படி வைத்துக்கொள்ளலாம் என்று என்ஜினியர் படம் போட்டுக் கொடுத்தார். மதினிக்கு முழங்கால் வலி. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, பல்லி ஏறுகிற மாதிரி ஏறச் சொல்கிறீர்களா என்று கேட்டார்.

நாலைந்து தடவை போனேன். கடைசித் தடவை அவர் அழுதுவிட்டார். எனக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அப்போதுதான் அந்தச் சொல்லைச் சொன்னேன்.

"எனக்கு மட்டும் வலிக்காதா மதினி? எங்க முன்ரூமும்தான் போகுது. நீங்க பாருங்க, முதல் கடப்பாரை என் வீட்டுலதான் விழும். அதைப் பாத்துட்டு நீங்க இடிங்க."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சம்மதித்தார். அந்த வாசகம் எனக்கு நன்றாக வேலை செய்தது என்று கண்டுகொண்டு, மிச்சம் இருந்த எல்லா வீட்டிலும் அதையே சொன்னேன். முதல் கடப்பாரை என் வீட்டில்தான். தெருவில் எல்லோருக்கும் அது மனப்பாடம் ஆகிவிட்டது.

அந்த வருஷத் தீபாவளி வந்தது. எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். லேபிள் ஆர்டர் கொடுக்கிற கம்பெனிகளிலிருந்து சீசன் முடிவில் எங்களுக்குப் பட்டாசுப் பெட்டிகள் வரும். அவற்றை நாங்கள் ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தனுப்புவோம். டாக்டருக்கு ஒன்று, பிள்ளைகளின் டீச்சருக்கு ஒன்று, கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவருக்கு ஒன்று, லைன்மேனுக்கு, தபால்காரருக்கு, கோயில் பூசாரிக்கு. கொடுக்காவிட்டால்தான் தப்பாக நினைப்பார்கள். வாங்குகிறவர்களும் வாங்கி மூலையில் வைத்துவிட்டு மறந்துபோவார்கள். மற்ற ஊரில் வந்தவர்களுக்கு மோர் கொடுக்கிற மாதிரி, இங்கே வெடிப்பெட்டி. அதற்கு ஓர் அர்த்தமும் கிடையாது.

திருத்தங்கலில் தனியாக இருக்கிற பிள்ளை, ஊருக்குப் போகும்போது கொண்டுபோகட்டுமே என்று என்ஜினியருக்கும் ஒரு பெட்டி அனுப்பினேன். பெரிய பெட்டியாகப் பார்த்துத்தான் அனுப்பினேன். அவர் போன் பண்ணி, எதற்கு மேடம் இதெல்லாம் என்றார். சும்மா வைத்துக்கொள்ளுங்கள், எங்கள் ஊர் வழக்கம் என்றேன். சரி மேடம், புரிகிறது என்றார். புரிந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

தை பிறந்ததும் கோடு போட வந்தார்கள். அதற்குள் பெரிய அலுவலகத்துக்கு வரைபடம் போய்க் கையெழுத்தாகி வந்திருந்தது. இரண்டு பேர் நாடாவைப் பிடிக்க, ஒருவர் சிவப்புப் பெயிண்ட் டப்பாவோடு சுவர் சுவராகக் கோடு இழுத்துக்கொண்டு வந்தார். தெருவே வேடிக்கை பார்த்தது. சுவரில் விழுகிற கோட்டைப் பார்ப்பது வேறு, பேச்சில் மூன்று அடி என்பது வேறு. பாய் தன் அலமாரிக்கு மேல் கோடு விழுவதைப் பார்த்துக்கொண்டு தாடியைத் தடவியபடி நின்றார். மதினியின் படிக்கட்டில் கீழ்ப்படியிலிருந்து மேல்படி வரைக்கும் சிவப்புக் கோடு ஏறியது. அடுத்தது என் வீடு.

பெயிண்ட்காரர் என் வாசலுக்கு வந்ததும் குனிந்து, தரையில் இறங்கி, என் படியின் விளிம்பை ஒட்டியே கோட்டை வளைத்துக்கொண்டு போனார். என் முன்னறைச் சுவரில் ஒரு சொட்டுப் பெயிண்ட்கூடப் படவில்லை. எனக்கு அடுத்த வீட்டில் மறுபடியும் சுவரில் ஏறிவிட்டார்.

அந்த நேரத்தில் என் மனசு என்ன செய்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். குதித்தது. தப்பித்தோம் என்று குதித்தது. முன்னறை, கம்ப்யூட்டர், நாற்காலி எல்லாம் அப்படியே இருக்கப் போகிறது என்று வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஐயா, தப்பாகப் போடுகிறீர்கள், என் வீட்டை விட்டுவிட்டீர்கள் என்று சொல்ல ஒரு வாய் போதும். வாய் ஜாஸ்தி என்று பெயர் வாங்கியவள் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் மதினி என் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். அப்புறம் உள்ளே போய்விட்டார்.

குதித்த மனசு சாயங்காலத்துக்குள் அடங்கி, அந்த இடத்தில் ஒரு கூச்சம் வந்து உட்கார்ந்துகொண்டது. என்ஜினியர் வந்தபோது ஓரமாகக் கூப்பிட்டு, என் வீட்டை ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, ரகசியம் சொல்கிற குரலில் சொன்னார்.

"அதெல்லாம் நான் பாத்துக்கிட்டேன் மேடம். நீங்கதான் தீபாவளிக்கே சொல்லாம சொல்லிட்டீங்களே. எனக்குப் புரியாதா?"

எனக்கு ஒரு நிமிஷம் எதுவும் விளங்கவில்லை. விளங்கியதும் உடம்பே கூசிவிட்டது. ஒரு வெடிப்பெட்டிக்கு இவர் ஒரு தெருவையே வளைத்துவிட்டார். அவரைத் திட்டவும் முடியவில்லை. அவர் முகத்தில் எனக்கு நல்லது செய்துவிட்ட திருப்தி இருந்தது. ஊரில் இருக்கிற லைன்மேனுக்கும் தபால்காரருக்கும் நாங்கள் பெட்டி கொடுக்கிறோம், அவர்களிடம் என்ன கேட்டோம் என்று சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். நான் இன்னும் சொல்லாமல் சொல்கிறேன் என்றே நினைத்துக்கொண்டார்.

கோட்டை மாற்றுங்கள் என்றேன். அப்போதுதான் அவர் முகம் மாறியது. வரைபடம் கையெழுத்தாகி வந்துவிட்டது, என் வீட்டு வாசலில் குடிதண்ணீர்க் குழாயின் வால்வு இருப்பதால் வளைத்திருப்பதாக அதில் காரணம் எழுதியிருக்கிறது, இப்போது மாற்றினால் முதலிலிருந்து எல்லாம் மேலே போய்வர வேண்டும், அதற்குள் மழை வந்துவிடும், தெரு இடிந்தபடியே கிடக்கும் என்றார். வால்வு இருப்பது உண்மை. ஆனால் அதே மாதிரி வால்வு ஒன்று பாய் கடை வாசலிலும் இருந்தது. அதை ஒரே காலையில் பிளம்பர் வந்து நகர்த்தி வைத்துவிட்டுப் போனார்.

இவரோடு பேசிப் பிரயோஜனம் இல்லை என்று நகராட்சி அலுவலகத்துக்கே போனேன். அங்கே இருந்த அதிகாரி வரைபடத்தை விரித்து, வால்வைக் காட்டி, நல்ல யோசனையாகத்தான் வளைத்திருக்கிறார்கள் என்று பாராட்டினார். என் வீட்டை இடியுங்கள் என்று கேட்டுக்கொண்டு வந்த ஆளை அவர் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்திருப்பார். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தார். பெட்டி விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தப் பையனுக்கு வேலை போகும், எனக்கு லஞ்சம் கொடுத்தவள் என்ற பெயர் எழுத்திலேயே வந்துவிடும். இரண்டில் எதற்குப் பயந்தேன் என்று கேட்டால், இரண்டாவதற்குத்தான்.

வீட்டில் என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. மெஷின் துடைக்கிற துணியில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"நாம கேக்கல. அவரா செஞ்சாரு. கெடச்சதைப் போயி ஏன் வம்படியா வேண்டாங்குற?"

தெருவெல்லாம் என்ன நினைக்கும் என்றேன். தெரு ரெண்டு மாசத்தில் மறந்துவிடும், காலண்டர் ஆர்டர் போனால் யார் கொண்டுவந்து தருவார்கள் என்றார். உள்ளுக்குள் நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்பது அவருக்கும் தெரிந்திருக்கும்.

எங்கள் பக்கம் வீட்டை இடிப்பது என்றாலும் ஒரு நல்ல நேரம் பார்த்து, தேங்காய் உடைத்து, சூடம் காட்டிவிட்டுத்தான் கடப்பாரையைத் தொடுவார்கள். குடியிருந்த சுவரைச் சும்மா உடைக்கக் கூடாது என்பார்கள். தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் இடிக்கத் தொடங்கினார்கள். நான் வெளியே தலைகாட்டாமல் அச்சடித்த தாள்களை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒருநாள் காலையில் மதினி வாசலில் வந்து நின்றார். குளித்து, நெற்றியில் குங்குமம் வைத்து, கையில் தட்டு வைத்திருந்தார். எங்கள் வீட்டில் இன்றைக்கு இடிக்கிறோம், நீங்கள் வந்து தேங்காய் உடைத்துக் கொடுங்கள் மதினி என்றார். குத்திக்காட்டுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். அப்படித் தெரியவில்லை. தெருவில் இதை ஆரம்பித்துவைத்தவள் என்கிற முறைக்குத்தான் கூப்பிட்டார் போல. குத்திக்காட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன், சண்டை வந்திருக்கும், மனசு கொஞ்சம் லேசாகியிருக்கும்.

போனேன். நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுகிற அந்தப் படியிலேயே தேங்காயை உடைத்தேன். சரிபாதியாக உடைந்தது. நல்ல சகுனம் என்று மதினியின் மகன் சொன்னான். கொத்தனார் கடப்பாரையை எடுத்தார். முதல் அடி விழுந்தபோது இரண்டு பேர் என் வீட்டுச் சுவரைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் தட்டை அங்கேயே வைத்துவிட்டு, வீட்டில் பால் பொங்குகிறது என்று பொய் சொல்லிக்கொண்டு வந்துவிட்டேன்.

தெரு வேலை முடிந்தது. நன்றாகத்தான் முடிந்தது, அதையும் சொல்ல வேண்டும். குட்டியானையும் ஆம்புலன்ஸும் எதிரெதிரே வந்தாலும் நிற்காமல் போகின்றன. மழைக்குப் பாய் கடைக்குள் தண்ணீர் ஏறவில்லை. படத்தில் பார்த்த மரங்களுக்குப் பதிலாக இரும்புக் கூண்டுக்குள் புங்கங்கன்றுகள் நிற்கின்றன. ஆனால் சாக்கடையும் என் வீட்டுக்கு முன்னால் வளைகிறது அல்லவா, பேப்பர் கிழிசலும் மண்ணும் அந்த வளைவில் வந்து அடைத்துக்கொள்ளும். அடைத்தால் தண்ணீர் என் வாசலுக்கு வராது. மேட்டிலிருந்து வருகிற தண்ணீர் வளைவுக்கு முன்னாலேயே நின்று, மூடியின் இடைவெளி வழியாக மதினி வீட்டு முன்னால் பொங்கும். மொபைல் கடைக்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டு கம்பியால் குத்திவிடுவார். நான் ஷட்டருக்குப் பின்னால் நின்று பார்ப்பேன்.

மதினி இரும்புச் சுற்றுப்படியில் இறங்குவதை ஏறக்குறைய விட்டுவிட்டார். காய்கறிக்காரி வந்தால் மாடியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்குவார். கல்யாணம், கோயில் என்றால் மகன் முன்னால் இறங்கிக் கையைப் பிடித்துக்கொள்ள, பக்கவாட்டில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்குவார். தெருவில் ஒருவரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி யாராவது கேட்பார்கள் என்று எதிர்பார்த்து, பதிலெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். பாய் எப்போதும் போல் அக்கா என்றார். பூக்காரி எப்போதும் போல் ஒரு கண்ணி பூ கூடுதலாகவே அளந்து கொடுத்தாள். ஆட்டோக்காரர்கள் மட்டும் பெயர் வைத்தார்கள்.

அடுத்த வருஷப் பங்குனிப் பொங்கலுக்கு விருதுநகரிலிருந்து என் நாத்தனார் மகள் வந்திருந்தாள். ஆட்டோவிலிருந்து இறங்கியவள், இந்த இடத்துக்கு உங்கள் பெயரையே வைத்துவிட்டார்கள் அத்தை, எவ்வளவு பெருமை என்றாள். அவளுக்கு விவரம் தெரியாது. அன்றைக்குச் சாயங்காலமே நான் என் வீட்டுக்காரரிடம், முன்னறையை இடித்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் நான் இந்த வாசல் வழியாக நடமாட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஒரு வாரம் பேசவில்லை அவர். அப்புறம் ஒருநாள் கம்ப்யூட்டரைத் தூக்கிக் கொண்டுபோய்ப் பேப்பர் அடுக்குகிற இடத்தில் வைத்துவிட்டு, சரி, கொத்தனாரைக் கூப்பிடு என்றார். அந்த மனுஷனுக்கு நான் பட்ட கடன் அது. இப்போதும் ஆர்டர் கொடுக்க வருகிறவர்கள் இங்க் வாசனையில் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றபடியேதான் பேசுகிறார்கள்.

மூன்று அடியும் இடித்தாயிற்று. இடித்த இடத்தை எழுதிக் கொடுத்துவிடலாம் என்று நகராட்சிக்குப் போனால், திட்டம் முடிந்துவிட்டது, இனிமேல் வாங்கிக்கொள்ள வழியில்லை என்றார்கள். சாக்கடையும் நடைபாதையும் வளைந்தது வளைந்தபடியே இருக்க, அதற்கும் என் புதுச்சுவருக்கும் நடுவில் ஒரு துண்டு இடம் சும்மா கிடந்தது. தெரு என்ன நினைத்தது தெரியுமா? வாஸ்து பார்த்து இடித்திருக்கிறார்கள் என்று நினைத்தது. எங்கள் ஊரில் தொழில் மந்தமானால் வாஸ்துக்காரர் பேச்சைக் கேட்டு முகப்பை இடிப்பது சாதாரணம். பூக்காரி, யாரிடம் பார்த்தீர்கள் சித்தி, நல்ல ஆளா என்று விசாரித்தாள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஒருத்தருக்காவது உண்மை தெரிய வேண்டும் என்று தோன்றியது. அந்தத் துண்டு இடத்துக்கு ஒரு வழியும் யோசித்து வைத்திருந்தேன். அங்கே முதல் படியை வைத்தால் மதினி வீட்டு மாடிக்கு நிமிர்ந்து ஏறுகிற மாதிரி அகலமாகப் படி கட்டிவிடலாம் என்று கொத்தனார் அளந்து சொல்லியிருந்தார். இதைச் சொல்ல மதினி வீட்டுக்குப் போனேன். அந்தச் சுற்றுப்படியில் நான் ஏறியது அதுதான் முதல் தடவை. பாதியில் தலை சுற்றியது.

மதினி மாடியில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். வாங்க மதினி என்று உட்காரக் கோரைப்பாயைத் தள்ளிப்போட்டார். காபி கொடுத்தார். நான் முதலில் படி விஷயத்தைச் சொன்னேன். இடம் என்னுடையது, படி உங்களுடையது, எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். அவர் யோசித்துவிட்டு, மகனிடம் கேட்டுச் சொல்கிறேன், வைத்தால் நல்லதுதான், இந்த முழங்காலை வைத்துக்கொண்டு எத்தனை நாள் மாடியிலேயே கிடப்பது என்றார். நன்றி என்றெல்லாம் பெரிதாகச் சொல்லவில்லை. அது எனக்கு ஆறுதலாக இருந்தது.

அப்புறம் மற்றதைச் சொன்னேன். வெடிப்பெட்டி, அதை நான் எல்லோருக்கும் கொடுக்கிற மாதிரிதான் கொடுத்தது, அவர் தப்பாக எடுத்துக்கொண்டது, மாற்றச் சொல்லி அலைந்தது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். சாமி சத்தியமாக நான் கேட்கவில்லை மதினி என்றேன். சொல்லும்போது என் குரல் எனக்கே பொய் சொல்கிறவள் குரல் மாதிரிக் கேட்டது. உண்மையைச் சொல்லும்போது ஏன் அப்படி ஆகிறது என்று தெரியவில்லை. மதினி பூண்டை உரித்தபடியே கேட்டார். நான் முடித்ததும் தோலையெல்லாம் முறத்தில் கூட்டி ஒதுக்கினார்.

"சரி விடுங்க மதினி. நீங்க பெட்டி குடுத்ததுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. ஊருல எல்லாரும் செய்யிறதுதான."

நான் அதற்காகக் கொடுக்கவில்லை என்று மறுபடியும் ஆரம்பித்தேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். கோபம் இல்லை. பிள்ளையைச் சமாதானப்படுத்துகிற மாதிரித்தான் பிடித்தார்.

"பெட்டி குடுத்தா கோடு தள்ளிப் போகும்னு எனக்கும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல மதினி? நானும் ஒண்ணு குடுத்து விட்டிருப்பேன்ல. பக்கத்து வீட்டுலதான இருந்தேன்."

இத்தனை மாதமும் நான் அவரை ஏமாற்றிவிட்டதாக அவர் நினைக்கிறார் என்று நான் தவித்துக்கொண்டிருந்தேன். அவருக்கு நான் ஏமாற்றியது பெரிதில்லை. வழி தெரிந்தும் அவரைக் கூட்டிக்கொண்டு போகாமல் தனியாகப் போய்விட்டேன் என்பதுதான் அவருக்கு வருத்தம். அந்த வழி எனக்குத் தெரியாது என்பதை எந்தச் சத்தியம் செய்தாலும் அவர் நம்பப் போவதில்லை. நம்பாமலேயே மன்னித்தும் விட்டார்.

காபி டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்கினேன். எனக்கு வழி தெரியாது என்பது சத்தியம். தெரிந்திருந்தால் மதினியிடம் சொல்லியிருப்பேனா என்று இறங்கும்போது என்னையே கேட்டுக்கொண்டேன். பெயிண்ட்காரர் என் வாசலில் குனிந்தபோது வாயே திறக்காதவள் நான். சொல்லியிருக்க மாட்டேன்.